டிரெய்லரில் பாரம் ஏன் முன்பக்கம் இருக்க வேண்டும்?

சங்கரன்கோவில் கரிசல் காட்டுக்குப் பவர் டில்லரை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, டிராக்டரில் இழுத்துப் போகிறீர்களா? டிரெய்லரில் டில்லரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏன்? டிரெய்லரின் அச்சுதான் தராசின் நடுமுள். எடை அச்சுக்குப் பின்னால் போனால் கொக்கிப் பக்கம் மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரப் பிடிமானம் குறையும். வேகம் கூடினால் டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். எடையின் மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். கார், ஜீப் இழுக்கும் டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்குவது பொதுக் கணக்கு.

எப்படிக் கட்டுவது? பிரேக் அடித்தால் வண்டிதான் நிற்கும். மேலே இருக்கும் இயந்திரம் முன்னே ஓடப் பார்க்கும். அதைத் தடுக்க உராய்வு மட்டும் போதாது. எனவே கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்னும் பின்னும் எதிரெதிராகச் சங்கிலியால் இறுக்குங்கள். கைப்பிடியில் கட்டாதீர்கள், இரும்புச் சட்டத்தில் கட்டுங்கள். சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.