ரேஸ் ட்ராக்கில் கோபம் வந்தால்? 16 வயது வீரருக்கு விழுந்த தடை

கிரிக்கெட்டில் கோபத்தில் பேட்டை வீசினால் பேட் உடையும். கார் ரேஸில் கோபப்பட்டால் உயிரே போகலாம்.

என்ன நடந்தது?
2015-ல் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் ட்ராக்கில், இளம் வீரர்களுக்கான எம்எஸ்ஏ ஃபார்முலா பந்தயம் நடந்தது. அதில் ஓட்டிய டேன் டிக்டமுக்கு வயது 16. ரிக்கி கொலார்டின் காருடன் உரசியதில் பின்தங்கிப்போனார். பிறகு சேஃப்டி கார் வந்தது. அது ட்ராக்கில் இருக்கும்வரை யாரையும் முந்தக் கூடாது. டிக்டமோ 10 கார்களை முந்திப் போய், கொலார்டின் கார் மீது வேண்டுமென்றே மோதினார்.

தண்டனை என்ன?
2 ஆண்டு தடை. அதில் இரண்டாம் ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?
சேஃப்டி கார் ஓடும் நேரத்தில் மார்ஷல்கள் ட்ராக்கில் இறங்கி வேலை பார்ப்பார்கள். ஒருத்தரின் கோபத்துக்கு அவர்களும் பலியாகலாம்.

அப்புறம்?
திரும்பி வந்த டிக்டம், 2017, 2018 என இரண்டு முறை மக்காவ் ஃபார்முலா 3 பந்தயத்தை வென்றார்.

பெற்றோருக்கு என்ன வேலை?
பிரிட்டனின் மோட்டார்ஸ்போர்ட் அமைப்பு கொண்டுவந்த 'ரேஸ் வித் ரெஸ்பெக்ட்' நடத்தை விதிகள் அப்பா, அம்மாவுக்கும் சேர்த்துத்தான். தோற்ற அன்னிக்கு அதிகாரிகளிடம் அப்பா எப்படிப் பேசுகிறார் என்பதைப் பார்த்துத்தானே பிள்ளை கத்துக்கிறது!