தேக்கடியில் ஜாகை

கோடை விடுமுறையில் குடும்ப சகிதமாகத் தேக்கடிக்குச் செல்வோர் யானையைத் தேடுமுன் ஜாகையைத் தேட வேண்டியிருக்கிறது. 1895-ல் கட்டி முடிந்த பெரியாற்று அணையால் உண்டான ஏரியும் அதைச் சூழ்ந்த வனமும் 1978-ல் புலிகள் காப்பகமாயின. வனத்துக்குள் திருவாங்கூர் மன்னரின் பழைய கோடை மாளிகை உட்பட விடுதிகள் சிலவே உண்டு. ஆகவே ஜனத்திரள் முழுவதும் குமுளியில் வந்து குவிகிறது.

முன்னேற்பாடின்றி அந்தியில் அங்கே இறங்கிய நாம், வயோதிகத் தாயாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தோம். அறை இருந்த இடத்தில் வாடகை நம் சக்திக்கு மிஞ்சியது. வாடகை குறைந்த இடத்தில் அறை இல்லை. அழாத குறையாக மலையிறங்கிக் கம்பத்துக்கு வந்த பிறகே படுக்க இடம் கிடைத்தது. பெரியாற்று நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இப்பள்ளத்தாக்குக்குத்தானே இறங்கி வருகிறது!

நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: குமுளியில் அறை நிச்சயமாகாவிடில் கம்பத்திலோ கூடலூரிலோ தங்குங்கள். விடியற்காலை பஸ்ஸில் மலையேறி, படகில் ஏரியைச் சுற்றிவிட்டு, மாலையில் திரும்பலாம். பணம் கட்டுமுன் எத்தனை பேருக்கு இடம், தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் கம்பத்துப் பன்னீர் திராட்சையை வாங்க மறவாதீர்கள்; அலைந்த அலைச்சல் அதன் இனிப்பில் மறந்துபோகும்.