அந்துப்பூச்சியின் மணமும் ஊர்க் கட்டுப்பாடும்

பருத்தி விவசாயிக்கு நேரும் நஷ்டங்களுள் மிகவும் வஞ்சகமானது இளஞ்சிவப்புக் காய்ப்புழுவினால் நேருவது. முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே இப்புழு மொக்கிலோ காயிலோ புகுந்துவிடுகிறது. புகுந்த துவாரமும் மூடிக்கொள்கிறது. புறத்தே பசுமையாய்த் தோன்றும் காயினுள் விதை தின்னப்படுகிறது, பஞ்சு கறைபடுகிறது. காய் வெடித்த பின்னரே உண்மை தெரிகிறது. அப்பொழுது மருந்து தெளித்துப் பயன் யாது? விவசாயிக்கு விலை இறங்குகிறது. சங்கத்தில் பயிர்க்கடன் பாக்கி நிற்கிறது. நெசவாளருக்கோ வலுவற்ற நூல் வந்து சேர்கிறது.

2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி இத்தொல்லைக்கு முடிவு கட்டும் என்று நாம் நம்பினோம். ஆனால் குஜராத்தில் இப்புழு அதனைத் தாங்கும் சக்தி பெற்றுவிட்டது என்ற செய்தி 2010இல் வெளியாயிற்று. ஆகவே, மறைந்திருக்கும் புழுவைத் தேடுவதினும், அதன் தாயாகிய அந்துப்பூச்சியின் வரவை முன்னரே அறிவது இன்றியமையாததாகிறது. அதற்கு அப்பூச்சியின் மணமே துணை செய்கிறது.

பெண் அந்துப்பூச்சி இரவில் தன் உடலின் நுனியிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு வாசனைப் பொருளை மிக நுண்ணிய அளவில் வெளியிடுகிறது. ஆண் பூச்சி அதனை உணர்கொம்புகளால் அறிந்து, காற்றை எதிர்த்துப் பறந்து வந்து சேர்கிறது. பிரெஞ்சு அறிஞர் ஃபாபர் ஒரு பெண் பூச்சியைக் கண்ணாடி மூடியின் கீழ் வைத்துப் பார்த்தார். கண்ணெதிரே இருந்த அதனை ஆண் பூச்சிகள் பொருட்படுத்தவில்லை. அது முன்பு தங்கியிருந்த இடத்தையே நாடிச் சென்றன. அழைப்பது உருவமன்று, மணமே என்பது தெளிவாயிற்று.

அம்மணத்தை முதன்முதலில் பிரித்தெடுக்க உதவியது, நெசவாளர்கள் நன்கறிந்த பட்டுப்பூச்சியே. ஜெர்மனியின் ரசாயன நிபுணர் பூட்டனன்ட் ஏறக்குறைய 20 ஆண்டுகள் உழைத்து, சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே பெற்று, 1959இல் அதன் அமைப்பை வெளியிட்டார். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் மணம் 1973இல் கண்டறியப்பட்டது. அது இரு பொருள்கள் ஏறக்குறையச் சமபங்காய்க் கலந்த கலவை.

இதனைச் செயற்கையாய்த் தயாரித்து, சிறிய ரப்பர் குப்பியில் ஊட்டி, இனக்கவர்ச்சிப் பொறியில் பொருத்துகிறார்கள். புனல் வழியே விழும் ஆண் பூச்சி கீழுள்ள பையில் சிக்குகிறது. ஒரு பொறியில் நாளொன்றுக்கு 8 பூச்சிகள் வீதம் தொடர்ந்து 3 நாட்கள் விழுந்தால், தடுப்பு நடவடிக்கைக்குக் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒவ்வோர் இனத்திற்கும் மணம் வேறு. பச்சைக் காய்ப்புழுவிற்குரிய குப்பியை வைத்துவிட்டு இப்பூச்சியை எதிர்பார்ப்பது வீண்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பொறியில் விழுவன ஆண் பூச்சிகள் மட்டுமே. தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். அன்றியும், அண்டை வயலில் கூடிய பெண் பூச்சி வரப்பைத் தாண்டி வந்து முட்டையிடும். அதனைப் பொறி அழைக்காது. ஆதலால் ஒருவர் மட்டும் பொறி வைத்து, சுற்றிலும் உள்ளவர்கள் வாளாவிருந்தால் பயன் மிகக் குறைவு.

அமெரிக்கப் பருத்திப் பிரதேசங்களில் இப்புழு அறவே ஒழிந்தது என்று 2018இல் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. பி.டி. பருத்தி, மலடாக்கிய பூச்சிகளை விடுதல், மணத்தை வயலெங்கும் பரப்பி ஆண் பூச்சிகளைத் திகைக்கச் செய்தல், பருத்திமாரைக் காலத்தில் அழித்தல் ஆகிய யாவும் அங்கே ஒருங்கே கையாளப்பட்டன. எல்லா விவசாயிகளும் ஒரே திட்டத்திற்கு உட்பட்டதே அவ்வெற்றியின் அடிப்படை.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சிலவுண்டு. பொறிகளையும் குப்பிகளையும் மொத்தமாய்க் கொள்முதல் செய்து, பூ வைக்கும் முன்னரே அங்கத்தினர்களுக்கு வழங்கலாம். குறித்த கெடுவில் குப்பிகளை மாற்ற ஏற்பாடு செய்யலாம். ஊரின் பூச்சிக் கணக்கை நாள்தோறும் சங்கப் பலகையில் எழுதி வைக்கலாம். விதையினுள் தங்கும் புழு பின்னர் பூச்சியாய் வெளிவருவதால், கிடங்கிலும் ஜின்னிங் ஆலையிலும் பொறி வைப்பது நலம். பருவம் முடிந்ததும் பருத்திமாரை வயலிலோ வீட்டுப் புறத்திலோ குவித்து வைத்தலாகாது.

கடன் கொடுப்பதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அக்கடனைக் கொண்டு விளைந்த காயைக் காப்பதும் அதன் பொறுப்பே. பூச்சிக்கு வரப்பு இல்லை. அதனைத் தடுக்கும் முயற்சிக்கும் வரப்பு இருத்தலாகாது.