நைலான் கயிற்றில் பின்னிய மாட்டுச் சாட்டை
ஃபுளோரிடா, அமெரிக்கா. நைலான் கயிறு, மரக் கைப்பிடி

ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களிலும் புதர்க்காடுகளிலும் சிதறி மேய்ந்த மாடுகளை மேய்ப்பர்கள் சாட்டையைச் சொடுக்கி, அந்த ஓசையாலேயே திரட்டினார்கள். அன்று சாட்டை பின்னியது தோல் வாரில். ஈரத்தில் தோல் கெடும், நைலான் கெடாது. அதனால் இன்று அங்கே நைலான் சாட்டை பரவலாகப் புழங்குகிறது. பொழுதுபோக்காகப் பின்னுவோரும் இதையே விரும்புகிறார்கள்.

பலர் எடுப்பது பாராசூட் கயிறு. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து குதித்த வீரர்களைத் தாங்கிய வகை. ‘550’ என்று கடையில் கேட்பது அது தாங்கும் எடையை வைத்துத்தான்: 550 பவுண்டு, ஏறத்தாழ 250 கிலோ. உறைக்குள் ஓடும் இழைகளை உருவிவிட்டால் கயிறு தட்டையாகி, பின்னல் நெருங்கிப் படியும்.

சாட்டையின் உயிர் அது மெலியும் விதத்தில் இருக்கிறது. கைப்பிடியருகே பல புரிகளோடு பருத்துத் தொடங்கி, நுனியை நெருங்க நெருங்கப் புரிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பின்னலால் மூட வேண்டும். எங்கே விட்டார்கள் என்று வெளியே தெரியாததே கைத்திறன். குனிந்து தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் கை தளர்ந்தாலும் சாட்டை அங்கே மடங்கும். சீராக மெலிந்தால், வீசும்போது எழும் வளைவு நுனியை நோக்கி ஓட ஓட வேகம் கூடி, ஒலியின் வேகத்தையே மிஞ்சும். நாம் கேட்கும் சொடுக்கொலி அதிலிருந்து பிறப்பது.

இரு நிறக் கயிறுகளை எந்த வரிசையில் வைத்துத் தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து வைர வடிவோ வரிகளோ விழும். நுனியிலுள்ள குஞ்சம் தேய்ந்தால் வேறு கட்டிக்கொள்ளலாம்.