எழுபது வளைவுகள்

நாற்பத்தாறு வயது நிரம்பியவரும் இரண்டு பெண்களுக்குத் தகப்பனாருமான ஒரு பௌதிக உபாத்தியாயர், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "மலைமேல் மோட்டார் சைக்கிள் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன்" என்று புறப்பட்டால், அவருடைய பார்யை என்ன சொல்லுவாள்? குடும்பஸ்தர்களான நேயர்களுக்கு இதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. என் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் எலுமிச்சம்பழச் சாதத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை!

2023-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. நாங்கள் நான்கு பேர். காலேஜில் ஒரே ஹாஸ்டலில் இருந்தவர்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் பாங்கு உத்தியோகஸ்தர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். இவர்களில் மருந்துக்கடை நண்பர் இரண்டு வருஷங்களுக்கு முன்பு வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். அதற்குப் பிறகு அவர் ஓட்டிய நெடுந்தூரமெல்லாம் வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்குந்தான். "இந்தப் பயம் போகாவிட்டால் நான் கிழவனாகிவிடுவேன்" என்று அவரே சொல்லியதன்பேரில்தான் இந்தப் பிரயாணம் ஏற்பாடாயிற்று. அவருக்காகவே ஒரு நிபந்தனையும் செய்துகொண்டோம். நால்வரில் யார் மெதுவாக ஓட்டுகிறாரோ அவருடைய வேகந்தான் எல்லோருக்கும் வேகம். சேலத்தில் காப்பி சாப்பிடும்போது இதை எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டோம். நான்தான் மிகவும் பலமாகத் தலையை ஆட்டினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்தால் அங்கே கொல்லிமலை அடிவாரம். சோலைக்காடு சேர்வதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நெடுஞ்சாலைத் துறையார் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். பரீட்சைத் தாளில் கேள்வி எண்ணைப் பார்க்கிற மாணவனைப் போல், "இன்னும் எத்தனை?" என்று பார்த்துக்கொண்டே ஏறவேண்டியதுதான்.

ஏறும்போது இருந்த ஆனந்தத்தைச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் போகிறவர் மலையை ஜன்னல் அளவுக்குத்தான் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளில் போகிறவரோ மலைக்குள்ளேயே இருக்கிறார். பத்தாவது வளைவு வரையில் சமவெளியின் புழுக்கம். முப்பதுக்கு மேல் கழுத்தில் குளிர்ந்த காற்று படுகிறது. அறுபதுக்கு மேல் சட்டைக்குள் புகுந்துவிடுகிறது. ஈரமண் வாசனை, எங்கேயோ பலா பழுத்திருக்கும் வாசனை, முன்னால் போன லாரியின் பிரேக் கருகிய வாசனை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதுகின்றன. ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது, சற்றுமுன் நாம் வந்த சாலையே கீழே அரைஞாண் கயிறுபோல் கிடக்கிறது. அதில் மருந்துக்கடை நண்பர், விளக்கை எரியவிட்டுக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் வந்துகொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொரு பத்து வளைவுக்கும் நின்று காத்திருந்தோம்.

வக்கீல் நண்பருடையது புல்லட் வண்டி. அதன் வம்சாவளியைச் சொல்லாமல் அவர் எந்த இடத்திலும் வண்டியை நிறுத்துவதில்லை. 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்ததையும், திருவொற்றியூரில் தொழிற்சாலை ஏற்பட்டதையும், தாய்க் கம்பெனி சீமையில் மூடிப்போன பிறகும் பிள்ளை இங்கே செழித்து வளர்ந்ததையும் நாங்கள் அன்று மூன்று தடவை கேட்டோம்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் ஆண்ட மலை இது. மலையமான் காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று சங்க நூல்கள் சொல்லுகின்றன. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஏறுகிறவனுக்கும் வாகனத்துக்கும் பேதம் தெரியாத அந்தப் பைத்தியம் புல்லட்காரர்களோடு ஆரம்பமானதல்ல என்று நான் சொன்னேன். வக்கீலுக்கு அது அவ்வளவாக ரஸிக்கவில்லை.

அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்கி ஏறினோம். ஏறிய பிறகு என் முழங்கால்கள் எந்தக் கட்சியில் சேருவது என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தன. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. இறங்கத் தொடங்கினோம்.

இங்கே கொஞ்சம் பௌதிகம் சொல்ல அநுமதிக்க வேண்டும். வளைவில் திரும்பும் மோட்டார் சைக்கிள் உட்புறமாகச் சாய்ந்தாக வேண்டும். 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் 15 பாகை சாய்ந்தால் போதும். 30 கிலோமீட்டரில் சுற்றினால் 30 பாகைக்கு மேல் சாயவேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு. சாய்வோ இரண்டு மடங்கு! டயருக்குச் சாலையின்மேல் உள்ள பிடிப்பு, உபாத்தியாயரின் சம்பளம் மாதிரி ஓர் அளவுக்கு உட்பட்டது. திரும்புவதற்கே முழுவதையும் செலவழித்துவிட்டால் பிரேக்குக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. மழை பெய்தால் சம்பளத்திலும் பிடித்தம்.

இறக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ என்றும், இறங்கும் உயரம் சுமார் 1,000 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அந்தச் சக்தி அவ்வளவும் உஷ்ணமாக மாறினால் ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். முழுவதையும் பிரேக்கின் தலையிலேயே கட்டினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகையால் முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ போட்டு, எஞ்சினைக் கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்து இறங்கவேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர் மிச்சம் பிடிப்பது இரண்டு ரூபாய். பணயம் வைப்பது எதை என்று சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்தவன் நான். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன்.

ஐம்பதாவது வளைவுக்குக் கீழே வக்கீல் வேகம் பிடித்தார். எங்கள் நிபந்தனைப்படி நான் பின்தங்கி, மருந்துக்கடை நண்பரோடு வந்திருக்க வேண்டும். ஆனால் முழங்கால் ஆடுவது வெளியே தெரிந்துவிடுமோ என்று ஒரு வெட்கம். வக்கீலின் பின்விளக்கைத் தவறவிடக்கூடாது என்று துரத்தினேன். நாற்பத்திரண்டாவது வளைவு, இடப்புறம் திரும்புவது. பாதி திரும்பிய பிறகு, கீழேயிருந்து ஒரு பஸ் மூக்கை நீட்டிற்று. மலைச் சாலையில் அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது சட்டம். தவிர, பஸ்ஸுக்கு அந்த வளைவு முழுவதும் தேவை. நான் பஸ்ஸைப் பார்த்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. பார்த்த இடத்துக்கே வண்டியும் போயிற்று.

பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரம் வழுக்கியது. அடுத்த க்ஷணம் நான் தார்ச் சாலையில் உட்கார்ந்திருந்தேன். வண்டி படுத்துக்கொண்டே போய், பஸ்ஸின் பம்பருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. டிரைவர் ஏற்கனவே பஸ்ஸை நிறுத்திவிட்டிருந்தார். அவர் நிறுத்தியிராவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது, வேறு பக்கத்தில், கறுப்புக் கோடு போட்டு எழுதியிருப்பார்கள்.

டிரைவர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என்னைத் தூக்கி நிறுத்தி, கை காலை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸை ஏன் சார் பார்த்துக்கிட்டு வந்தீங்க? போக வேண்டிய பக்கம் ரோடு காலியாத்தானே கிடந்துச்சு!" என்றார். திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு இடப்புறமாக ஒரு மோட்டார் சைக்கிள் தாராளமாய்ப் போவதற்கு இடம் இருக்கத்தான் செய்தது.

அதற்குள் மருந்துக்கடை நண்பர் வந்து சேர்ந்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி, பையிலிருந்து பஞ்சையும் மருந்தையும் எடுத்து என் முழங்கையைத் துடைத்தார். அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. என் கைதான் நடுங்கிற்று. பஸ் போன பிறகு, "நான் முன்னால் போகிறேன். என் பின்விளக்கைப் பார்க்காதே. நான் எந்தப் பக்கம் திரும்பப் போகிறேனோ, அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வா" என்றார். ஒவ்வொரு வளைவுக்கும் ஹார்ன் அடித்து, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, தலையைத் திருப்பி வளைவின் முடிவைப் பார்த்து, அப்புறம்தான் வண்டியைத் திருப்பினார். இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த மனிதர் அவ்வளவு நாளும் இதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் போலும்! அடிவாரத்தில் வக்கீலும் பாங்கு நண்பரும் டீக்கடையில் காத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போனதற்காக வக்கீல் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தார். புல்லட்டைப் பற்றி அன்று அப்புறம் பேசவில்லை.

வீட்டில் சொல்லுவதா, வேண்டாமா என்று சேலம் வரையில் தர்க்கம் செய்துகொண்டு வந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தியவுடனே, வளைந்துபோன கிளட்ச் பிடியும் சிராய்ந்த கைப்பிடியும் எனக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. அவள் அவற்றைப் பார்த்தாள்; என் முழங்கைக் கட்டையும் பார்த்தாள்.

"எத்தனாவது வளைவு?" என்று கேட்டாள்.

"நாற்பத்திரண்டு."

"அப்புறம் நாற்பத்தொன்று பாக்கி இருந்திருக்குமே! எப்படி இறங்கினீர்கள்?"

சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனாள். மறுநாள் மருந்துக்கடை நண்பர் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறையத் தேன்குழல் போயிற்று. எனக்கு அதில் உடைந்த துண்டுகள் கிடைத்தன.