கனாலியும் கால்வாயும்: செவ்வாய் பற்றிய நூல்களில் ஒரு சொல்லின் வரலாறும் தமிழாக்கச் சிக்கலும்

முன்னுரை

வானியல் நூல்களும் விண்வெளிப் புனைகதைகளும் பெரும்பாலும் ஒரே சொற்களையே பயன்படுத்துகின்றன. ஆயினும் அவற்றை ஆளும் முறையில் இவ்விருவகை நூல்களும் வேறுபடுகின்றன. அறிவியல் நூலில் ஒரு சொல், நோக்கி அறிந்த ஒன்றைச் சுட்டுகிறது. நோக்கு திருந்தும்போது சொல்லும் திருந்த வேண்டியுள்ளது. புனைகதையில் அதே சொல் கதையுலகில் ஒரு பொருளைப் படைத்துவிடுகிறது. பின்னாளில் அறிவியல் அதனை மறுத்தாலும் கதைக்குள் அப்பொருள் அழிவதில்லை. எனவே, ஒரு சொல்லுக்கு ஒரே நிகரன் என்னும் கலைச்சொல்லாக்க விதியை இருவகை நூல்களுக்கும் ஒருசேரப் பொருத்த இயலுமா என்னும் வினா எழுகிறது. செவ்வாய்க் கோள் பற்றிய நூல்களில் வழங்கும் 'கனாலி' என்னும் இத்தாலியச் சொல்லைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லின் தோற்றம்

1877ஆம் ஆண்டில் செவ்வாய் புவிக்கு மிக அண்மையில் வந்தது. மிலான் நகரில் உள்ள பிரேரா வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜொவான்னி ஸ்கியாப்பரெல்லி, ஏறத்தாழ 22 செ.மீ. விட்டமுடைய தொலைநோக்கியால் அதனை நோக்கி விரிவான நிலப்படம் வரைந்தார். கருமையாகத் தோன்றிய பரந்த பகுதிகளைக் கடல் என்றும் வெளிறிய பகுதிகளை நிலம் என்றும் அவர் வழங்கினார். கரும்பகுதிகளை இணைத்துச் சென்ற ஒடுங்கிய கோடுகளுக்குக் 'கனாலி' எனப் பெயரிட்டார். இதன் ஒருமை 'கனாலே' என்பதாகும்.

இச்சொல்லை அவர் புதிதாகப் படைக்கவில்லை. ரோம் நகரில் ஆய்வு செய்த இயேசு சபைத் துறவியாகிய ஆஞ்செலோ செக்கி, 1858இலேயே செவ்வாயின் கரும்பகுதி ஒன்றைக் குறிக்க இதனை ஆண்டுள்ளார். கடல், நிலம் என்பன முன்னரே வழக்கில் இருந்தமையால், இரு கடல்களை இணைப்பதாகத் தோன்றியதற்கும் புவியியற் சொல்லே பெயராயிற்று எனலாம்.

2. பொருட்புலப் பகுப்பு

இத்தாலிய மொழியில் 'கனாலே' என்பது நீர் செல்லும் ஒடுங்கிய வழியைக் குறிக்கும். அவ்வழி இயற்கையாக அமைந்ததா, மனிதர் வெட்டியதா என்னும் பொருட்கூறு அச்சொல்லில் இல்லை. சிசிலித் தீவுக்கும் துனிசியாவுக்கும் இடைப்பட்ட கடற்பகுதியும் கனாலே. 1869இல் திறக்கப்பட்ட சூயஸும் கனாலே. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் இதற்கு நிகரான சொற்கள் இவ்விரு பொருளையும் ஏற்கின்றன.

ஆங்கிலத்தின் நிலை வேறு. இலத்தீனின் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து இரு காலங்களில் இரு வழிகளில் வந்த 'சேனல்', 'கனால்' என்னும் இரு சொற்கள் அம்மொழியில் உள்ளன. முன்னது பெரும்பாலும் இயற்கையானதற்கும் பின்னது பெரும்பாலும் வெட்டப்பட்டதற்கும் உரியனவாகப் பொருளைப் பங்கிட்டுக்கொண்டன. தருமொழி வேறுபடுத்தாத ஒன்றைப் பெறுமொழி வேறுபடுத்துமாயின், மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் விடுவதற்கு வழியில்லை. மூல ஆசிரியர் சொல்லாத ஒரு செய்தியை அவர் தம்மையறியாமல் சேர்க்கும் இடமும் இதுவே. ஆங்கிலத்தில் 'கனால்' நிலைபெற்றது. ஒலியொப்புமையும் அதற்குத் துணைசெய்திருக்கலாம்.

3. மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமோ?

செவ்வாயில் அறிவுடைய உயிர்கள் வாழ்கின்றன என்னும் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழையால் விளைந்தது எனப் பலரும் எழுதுவர். மொழியியலாருக்கு உவப்பான கூற்றாயினும் அது முழு உண்மை அன்று. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, இயற்கை, செயற்கை என்னும் பகுப்பில்லாத மொழிகளிலும் இந்நம்பிக்கை வேரூன்றியது. பிரெஞ்சு மொழியில் எழுதிய கமில் பிளம்மாரியோன் செவ்வாயில் உயிர்வாழ்க்கை உண்டு என்பதை வலியுறுத்தியவர். ஜெர்மன் மொழியில் குர்ட் லாஸ்விட்ஸ் 1897இல் வெளியிட்ட புதினம் செவ்வாய் மக்களை நம்மினும் முன்னேறிய நாகரிகத்தினராகக் காட்டுகிறது.

இரண்டாவது, ஸ்கியாப்பரெல்லியே இரு நிலைகளில் நின்றார். 1893இல் எழுதிய கட்டுரையில், இக்கோடுகளை அறிவுடையோரின் படைப்பாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடல்போல அவையும் இயல்பாக அமைந்திருக்கலாம் என்றும் கருதினார். ஆனால் 1895இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், செவ்வாய் மக்கள் நீரைப் பங்கிடும் முறை எவ்வாறு இருக்கக்கூடும் எனக் கற்பனை செய்துள்ளார்.

மூன்றாவது, கோடுகள் நேராகவும் ஒழுங்காகவும் வரையப்பட்டிருந்தமை. சொல் எதுவாயினும் படம் தன் செய்தியைச் சொல்லிற்று.

ஆகவே, சொல் நம்பிக்கையைப் பிறப்பிக்கவில்லை. பிறந்த நம்பிக்கைக்கு உறுதி தந்தது என்பதே பொருந்தும். அமெரிக்கராகிய பெர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனா மாநிலத்தில் வானாய்வகம் நிறுவி, 1895, 1906, 1908ஆம் ஆண்டுகளில் செவ்வாய் பற்றி மூன்று நூல்களை வெளியிட்டார். வறண்டுவரும் கோளில் துருவப் பனியின் நீரை வயல்களுக்குக் கொண்டுசெல்ல வெட்டப்பட்டவையே இக்கோடுகள் என்பது அவர் கொள்கை. 'கனால்' என்பது 1906ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றது. எது நிறுவப்பட வேண்டுமோ அதனைப் பெயரே முன்கூட்டிச் சொல்லிவிட்டது.

மறுப்புகளும் எழுந்தன. தொலைவிலிருந்து பார்க்கும் கண், சிதறிய புள்ளிகளைக் கோடாக இணைத்துக்கொள்ளும் என்பதை இங்கிலாந்தின் எட்வர்டு வால்டர் மௌண்டர் 1903இல் பள்ளிச் சிறுவர்களைப் படம் வரையச் செய்து காட்டினார். படிமலர்ச்சிக் கொள்கையின் முன்னோடியாகிய ஆல்பிரட் ரசல் வாலஸ் 1907இல் லோவெலை மறுத்துத் தனிநூல் எழுதினார். 1909இல் அந்தோனியாதி பாரிசுக்கு அருகிலுள்ள மியூதோன் நகரின் பெரிய தொலைநோக்கியில் கோடுகளைக் காணவில்லை; ஒழுங்கற்ற புள்ளிகளையே கண்டார். 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்து சென்ற மாரினர் 4 அனுப்பிய படங்களில் இருந்தவை கிண்ணக்குழிகளே. அறிவியலில் இச்சொல்லின் வாழ்வு அத்துடன் முடிந்தது.

4. புனைகதையில் சொல்லின் நிலைபேறு

புனைகதையில் அது முடியவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்ப் படையெடுப்புக் கதையின் முதல் இயலிலேயே ஸ்கியாப்பரெல்லியின் பெயர் இடம்பெறுகிறது. எட்கர் ரைஸ் பர்ரோஸ் 1912 முதல் எழுதிய தொடர்கதைகளில், வறண்ட செவ்வாயின் மக்கள் நீர்வழிகளை ஒட்டியே வாழ்கின்றனர். ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் போக்தானவ் 1913இல் வெளியிட்ட புதினத்தின் கதைப்பொருளே செவ்வாயில் கால்வாய் வெட்டும் பெரும்பணிதான். பொறியாளரும் தொழிலாளரும் அதன் மாந்தர்.

1950இல் வெளிவந்த ரே பிராட்பரியின் செவ்வாய்க் கதைத் தொகுப்பு தனித்து நோக்கத்தக்கது. அந்தோனியாதியின் மறுப்புக்கு நாற்பதாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டும் அதில் கால்வாய்கள் உள்ளன. இறுதிக் கதையில், செவ்வாய் மக்களைக் காட்டுவதாகத் தந்தை தம் பிள்ளைகளுக்கு வாக்களிக்கிறார். கால்வாய் நீரில் தெரியும் அவர்களுடைய நிழலுருவையே காட்டுகிறார். இங்குக் கால்வாயை நீக்கினால் கதையே இல்லை. அறிவியல் மறுத்தது என்பதற்காக மொழிபெயர்ப்பாளர் வேறு சொல் பெய்தால் அது திருத்தம் ஆகாது, சிதைவாகும்.

5. தமிழில் 'கால்வாய்'

இனித் தமிழ்ச் சொல்லை நோக்குவோம். 'கால்', 'வாய்' என்னும் இரு சொற்களே இடம் மாறி நின்று 'கால்வாய்' என்றும் 'வாய்க்கால்' என்றும் வழங்குகின்றன. இரண்டும் பாசனத்தோடு தொடர்புடையவை. பின்வரும் தொடர்கள் இன்றைய வழக்கைக் காட்டும். ஏற்புடைமை ஐயத்திற்குரிய தொடருக்கு முன் வினாக்குறி இடப்பட்டுள்ளது.

(அ) ஊரார் கூடிக் கால்வாய் வெட்டினர்.
(ஆ) ? மழையில் தானாக ஒரு கால்வாய் உண்டாயிற்று.
(இ) மழையில் தானாக ஓர் ஓடை உண்டாயிற்று.

(ஆ) தொடர் பிறழ்ந்து ஒலிப்பதற்குக் காரணம், 'கால்வாய்' என்பதில் மனித முயற்சி என்னும் பொருட்கூறு உள்ளடங்கியிருப்பதே. ஆனால் பள்ளிப் புவியியலில் இதற்கு மாறான வழக்கும் உண்டு. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலை 'ஆங்கிலக் கால்வாய்' என்கிறோம். அதனை எவரும் வெட்டவில்லை. 'சூயஸ் கால்வாய்', 'பக்கிங்காம் கால்வாய்' என்பவையோ வெட்டப்பட்டவை. இதனால், சிறப்புப் பெயரின் உறுப்பாக வரும்போது 'கால்வாய்' இருபொருளையும் ஏற்கிறது. பொதுப்பெயராகத் தனித்து வரும்போது செயற்கைப் பொருளையே தருகிறது எனக் கொள்ளலாம். பெயரளவில் இத்தாலியத்தை ஒத்தும் பொதுவழக்கில் ஆங்கிலத்தை ஒத்தும் தமிழ் நிற்கிறது. 'செவ்வாயில் கால்வாய்கள் உள்ளன' என்னும் தொடரில் அச்சொல் பொதுப்பெயராகவே நிற்கிறது. அதைப் படிக்கும் தமிழரின் மனத்தில் எழுவது லோவெலின் செவ்வாயே அன்றி ஸ்கியாப்பரெல்லியின் 1877ஆம் ஆண்டுச் செவ்வாய் அன்று.

இச்சிக்கல் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம், சொல்லைப் பற்றியே பேசும் பகுதிகளாகும். கார்ல் சேகன் 1980இல் வெளியிட்ட 'காஸ்மாஸ்' நூலின் செவ்வாய் பற்றிய இயலில், இத்தாலியச் சொல் ஆங்கிலத்தில் எவ்வாறு பொருள் மாறியது என்பதை விளக்குகிறார். கனாலி, சேனல், கனால் ஆகிய மூன்றுக்கும் தமிழில் 'கால்வாய்' என்றே எழுதினால், கால்வாயைக் கால்வாய் எனத் தவறாக மொழிபெயர்த்தனர் என்று தொடர் அமையும். கருத்தே மறைந்துவிடும்.

இது பழைய வரலாறு மட்டும் அன்று. 1971 நவம்பரில் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த மாரினர் 9, முன்னொரு காலத்தில் நீர் பாய்ந்து அரித்த வறண்ட தடங்களைப் படமெடுத்தது. இவற்றை ஆங்கில நூல்கள் 'சேனல்' என்கின்றன. லோவெலின் கோடுகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி, பழைய ஆறொன்றின் டெல்டா அமைந்த ஜெசிரோ பள்ளத்தில் இறங்கியது. செவ்வாயின் பழைய நீரைப் பற்றித் தமிழில் எழுதும் தேவை இதனால் பெருகியுள்ளது. இத்தடங்களைக் 'கால்வாய்' என எழுதினால், 1965இல் அறிவியல் கைவிட்ட கருத்தைத் தமிழ் மாணவருக்கு மீண்டும் கற்பித்தவர்கள் ஆவோம்.

6. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் பாகுபாட்டைப் பரிந்துரைக்கலாம்.

1. ஸ்கியாப்பரெல்லியின் பயன்பாட்டைக் குறிக்கும் இடங்களில் 'கனாலி' என ஒலிபெயர்த்து, முதலில் வரும் இடத்தில் 'இயற்கை, செயற்கை இரண்டிற்கும் பொதுவான இத்தாலியச் சொல்' என ஒருமுறை விளக்குதல்.

2. லோவெலின் கொள்கையையும் அதனைத் தழுவிய புனைகதைகளையும் தமிழாக்கும்போது 'கால்வாய்' என்றே ஆளுதல்.

3. விண்கலங்கள் கண்டறிந்த இயற்கை அமைப்புகளை 'நீரோட்டத் தடம்' அல்லது 'ஆற்றுத் தடம்' எனல். பன்னாட்டு வானியல் ஒன்றியம் இத்தகையவற்றின் பெயரில் சேர்க்கும் 'வல்லிஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் 'பள்ளத்தாக்கு' பொருந்தும்.

ஒரே கருத்துக்கு மூன்று சொற்கள் எதற்கு என வினவலாம். இவை ஒரே கருத்தல்ல. ஒரே சொல்லால் வழங்கப்பட்ட மூன்று கருத்துகள். நிலவின் 'கடல்' இத்தகைய தொல்லையைத் தரவில்லை என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1651இல் ரிச்சோலி சூட்டிய 'அமைதிக் கடல்' என்னும் பெயர், அங்கு நீரில்லை என்பது தெளிவான பின்னரும் நிலைத்தது. 1969இல் மனிதர் இறங்கியதும் அங்கேதான். அது ஓரிடத்தின் சிறப்புப் பெயராகவே நின்றது; அதன்மேல் எவரும் ஒரு கொள்கையைக் கட்டவில்லை. 'கனால்' என்பதோ பொதுப்பெயராகி, வருணனையாகி, பின்னர்ச் சான்றாகவும் ஆயிற்று.

முடிவுரை

கலைச்சொல் ஒருமைப்பாடு ஒரு துறைக்குள், ஒரு காலத்துக்குள் இன்றியமையாதது. ஆனால் துறை கடந்தும் காலம் கடந்தும் செல்லும் சொல்லுக்கு அவ்விதியை இயந்திரம்போல் பொருத்தினால், அச்சொல் கடந்துவந்த வரலாறு அழிந்துவிடும். ஒரு சொல்லுக்கு நிகரன் தேடுமுன், அதனை யார், எந்த ஆண்டில், எவ்வகை நூலில், எதனை நம்பி எழுதினார் என்று கேட்டல் வேண்டும். அகராதி இவ்வினாக்களுக்கு விடை தராது, நூலே தரும். சேர்க்கப்படாத பொருளைச் சேர்க்காமலும், கதைக்கு உயிரான பொருளைக் களையாமலும் காப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை. செவ்வாயில் எவரும் வெட்டாத கால்வாய்கள் நூல்களில் ஓடிய வரலாறு இதனையே உணர்த்துகிறது.