அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்

ஸ்டீல் பீரோவோடு வாழ்ந்த தலைமுறைக்குப் படுக்கையறைச் சாமான் வாங்குவது பெரிய பரீட்சையாக இருந்ததில்லை. கடையில் நின்று கதவைத் திறந்து மூடி, தகட்டைத் தட்டிப் பார்த்து, லாக்கர் சாவியைத் திருகிப் பார்த்து வாங்கினார்கள். தவணைக்காரரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்திருந்தாலும் பொருள் கண்ணெதிரே இருந்தது. வீடு மாறினால் கூடவே வந்தது. காலம் முடிந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்காவது போனது. இன்று சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையிலும் திருவேங்கடம் சாலையிலும் எழும்புகிற புது வீடுகளில் பீரோவுக்கு இடம் விடுவதில்லை. சுவரோடு பொருத்தும் வார்ட்ரோப், அதன் தலைமேல் லாஃப்ட், பக்கத்தில் டிரெஸ்ஸிங் டேபிள், எல்லாம் ஒரே நிறத்தில் வேண்டும் என்கிறார்கள். அந்தச் சுவருக்கென்றே அளந்து அறுக்கப்படும் இந்தச் சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த அறைக்கு மாற்றுவதே கஷ்டம். கழற்றினால் பலகைத் துண்டுகள்தான் மிஞ்சும். ஆகவே வாங்குகிறவருடைய பலம் முழுவதும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய சில நாட்களில்தான் இருக்கிறது என்பது என் வாதம். வீடு தேடி வரும் விற்பனைப் பிரதிநிதியின் வேலை, அந்தச் சில நாட்களைச் சில மணி நேரமாகச் சுருக்குவது. இதை மோசடி என்று சொல்லமாட்டேன். அவருக்குச் சம்பளம் தருவதே அதற்காகத்தான்.

வருகிறவர் பெரும்பாலும் இனிமையானவர். அண்ணாச்சி, அக்கா என்று முறை வைத்துப் பேசுவார். லேசர் கருவியைச் சுவரில் காட்டி நொடியில் அளவெடுப்பார். டேப்லெட்டில் உங்கள் அறையையே முப்பரிமாணப் படமாக்கிக் காட்டுவார். செங்கலும் சிமென்ட் தூசியுமாகக் கிடக்கும் அறை அதில் ஓட்டல் அறையாக மாறியிருக்கும். இவ்வளவுக்கும் காசு கேட்கமாட்டார். ஒருவர் நமக்காக இத்தனை பாடுபட்டிருக்கும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூச்சமாக இருக்கும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984-ல் வெளியிட்ட ‘இன்ஃபுளூயன்ஸ்’ நூலில், விற்பனைக்காரர்கள் நம்பியிருக்கும் உத்திகளில் முக்கியமான ஒன்றாக இந்தக் கூச்சத்தை விளக்கியிருக்கிறார். அடுத்தது விலை. முதலில் ஒரு பெரிய தொகை வரும். வீட்டுக்காரர் முகம் சுருங்கியதும் மேனேஜருக்கு ஒரு போன் போகும். “சார், நம்ம ஊர் கஸ்டமர்தான், இந்த மாசக் கணக்குல சேத்துக்கலாமா?” நாற்பதாயிரம் குறையும், ஆனால் சாயங்காலத்துக்குள் புக் பண்ணினால்தான் என்ற நிபந்தனையோடு. முதலில் காதில் விழும் எண் மனதில் நங்கூரம் போட்டுவிடும், அதற்குப் பிறகு சொல்லப்படும் எதையும் அதை வைத்தே எடைபோடுவோம் என்று டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974-லேயே காட்டிவிட்டார்கள். குறைத்த நாற்பதாயிரத்தை நாம் லாபக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அந்த முதல் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

முதல் எண் நம்முடையதாக இருந்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அதைப் போட்டுப் பார்ப்பது கடினமும் இல்லை. ஏழடி உயரம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம், உள்ளே மூன்று பிரிவு என்று ஒரு வார்ட்ரோப்பை எடுத்துக்கொள்வோம். நிற்கும் பலகைகள் நான்கு, ஒவ்வொன்றும் 14 சதுர அடி, ஆக 56. மேல்பலகையும் அடிப்பலகையும் 24. பிரிவுக்கு நான்கு வீதம் பன்னிரண்டு தட்டுகள், 48. கதவுகள் 42. மொத்தம் 170 சதுர அடி. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்று 32 சதுர அடி என்பதால் ஆறு ஷீட் ஆகும். அறுப்பில் போகும் சேதாரத்துக்குத் தாராளம் விட்டால் ஏழு. முதுகுப் பலகைக்கு மெல்லிய ஷீட் இரண்டு. இதோடு மைக்கா, கீல், சேனல், கைப்பிடி, பூட்டு, கூலி. ஊர் பிளைவுட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் விலை விசாரித்து ஒரு தாளில் குறித்துக்கொண்டால், வருகிறவர் சொல்லும் தொகையில் சாமானுக்கு எவ்வளவு, நிறுவனத்தின் பெயருக்கும் ஷோரூம் வாடகைக்கும் அவருடைய கமிஷனுக்கும் எவ்வளவு என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். இயந்திரத்தில் அறுத்து ஓரம் ஒட்டிய சுத்தத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தப்பில்லை. எவ்வளவு கூடுதல் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சதுர அடி ரேட் என்பதே ஒரு தனி உலகம். பேச்சுக்கு 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் வார்ட்ரோப்பின் முகப்பு 42 சதுர அடி, 58,800 ரூபாய். மனதில் பதிவது இந்தத் தொகைதான். பிறகு லாஃப்ட் தனி என்பார்கள்: 12 சதுர அடி, 900 வீதம் 10,800. டிராயர் தனி: நான்குக்குப் பத்தாயிரம். இப்போது 79,600. மரச்சாமானுக்குரிய 18 சதவீத ஜி.எஸ்.டி. 14,328 ரூபாய் கடைசி வரியில் வந்து உட்காரும். மொத்தம் 93,928. முதலில் கேட்ட தொகையைவிட ஏறக்குறைய அறுபது சதவீதம் அதிகம். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், சொட்டுச் சொட்டாக விலையை ஏற்றுவதும் போலி அவசரத்தை உண்டாக்குவதும் நியாயமற்ற உத்திகளின் பட்டியலில் இருக்கின்றன. அவை இணையதளங்களின் திரையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்து உண்டாக்கப்படும் அவசரத்துக்கு நாமேதான் காவல்.

விலையைவிடப் பெரிய ஓட்டை, பலகையின் பெயரில் இருக்கிறது. “எல்லாம் வாட்டர்ப்ரூஃப் போர்டு சார்” என்ற ஒரு வாக்கியத்துக்குள் மூன்று நான்கு சாமான்கள் ஒளிந்துகொள்ளும். மைக்கா ஒட்டிய கதவின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அறுத்த ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தாள்கள் தெரிந்தால் பிளைவுட். மரச்சிம்பும் துகளும் அழுத்தியதுபோல் பொறுபொறுவென்று இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. அட்டைபோல ஒரே சீராக, பழுப்பாக இருந்தால் எம்.டி.எஃப். பிளைவுட்டிலும் ஐ.எஸ்.303 என்பது பொது உபயோகத் தரம், ஐ.எஸ்.710 என்பது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாத கடல் தரம். பார்ட்டிகிள் போர்டில் கீல் ஆணி ஒருமுறை தளர்ந்தால் அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது. கதவு தொங்கும் வார்ட்ரோப்புகளில் பலவற்றின் வரலாறு இதுதான். பிரதிநிதி வைத்திருக்கும் பளபளப்பான மாதிரிப் பெட்டியை விட்டுவிட்டு, ஓரம் ஒட்டாத ஒரு சாண் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அது உப்பியிருக்கிறதா இல்லையா என்பது, இரண்டு மணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது உண்மையான உரிமமா என்பதும் தெரியும். பத்து வருட வாரன்ட்டி என்றால், அந்த அட்டையின் பின்பக்கத்தில் கரையானுக்கும் சுவர் ஓதத்துக்கும் விலக்கு எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண்ணையே பிரசாதமாகக் கொடுக்கும் ஊர் இது. கரையானைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது நியாயமில்லை.

நம் ஊர்ப்பக்கத்தில் விற்பனைக்காரருக்கு இன்னோர் ஆயுதமும் உண்டு. அதை நாமேதான் அவர் கையில் கொடுக்கிறோம். “தை பத்தாம் தேதி பால் காய்ச்சுறோம், அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க” என்று காபி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறோம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, நாள் மாறாது என்பது தெரிந்துவிட்டால் எதிராளிக்குப் பேரத்தில் பாதி முடிந்துவிட்டது. “மெட்டீரியல் வரவே மூணு வாரம் ஆகும், இன்னைக்கு அட்வான்ஸ் போட்டாத்தான் முடியும்” என்பதற்கு நம்மிடம் பதில் இருக்காது. தேதியைச் சொல்லாமல் வேலை வாங்க முடியாது என்பது சரியே. ஒரு மாதம் முந்திய தேதியைச் சொல்லலாம். அல்லது வார்ட்ரோப் இல்லாமலும் பால் பொங்கும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம். சலுகையின் கெடு பற்றியும் இதே கதைதான். ஆடியில் கல்யாணமும் கிரகப்பிரவேசமும் கிடையாது, வியாபாரம் மந்தம், அதனால் ஆடித் தள்ளுபடி உண்மையாகவே கிடைக்கும். ஆடித்தபசு முடிந்து ஆவணி பிறந்தால் வேறொரு பெயரில் வரும். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, மார்ச் மாத டார்கெட்டுக்கு என்று வந்துகொண்டே இருக்கும். இன்றோடு முடிகிற சலுகை, அடுத்த வாரம் கேட்டாலும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

சட்டம் காப்பாற்றாதா என்ற கேள்வி நியாயமானது. மேலைநாடுகளில் வீட்டுக்கே வந்து விற்பவர்களின் நெருக்குதல் பழைய தலைவலி. அமெரிக்காவில் 1970-களிலிருந்தே வீட்டில் வைத்துச் செய்த கொள்முதலை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். பிரிட்டனில் 2014 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதிகள் 14 நாள் அவகாசம் தருகின்றன. ஆனால் அந்த விதிகளிலேயே, வாங்குகிறவரின் அளவுக்கென்று தனியாகச் செய்யப்படும் பொருளுக்கு விலக்கு இருக்கிறது. சுவருக்கு அளந்து செய்யும் அலமாரி அந்த விலக்கில் மாட்டக்கூடியது. நம் நாட்டில் 2021-ம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளில் மனம் மாறுவதற்கான அவகாசம் பற்றிய ஏற்பாடு உண்டு. அது முகவர் சங்கிலி வைத்து விற்கும் நிறுவனங்களுக்கானது, இன்டீரியர் நிறுவனத்துக்குப் பொருந்தாது. ஆக, பலகையை அறுத்த பிறகு மனம் மாற எந்த ஊரிலும் வசதி குறைவு. அந்த அவகாசத்தை அட்வான்ஸுக்கு முன்பே நாமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வட்டியில்லாத் தவணை என்று விற்பனைக்காரர் ஆசை காட்டினாலும் அதே நிதானம் வேண்டும். கடன் அட்டைத் தவணைகளில் பூஜ்ய வட்டி என்பதே கிடையாது, அது கட்டணமாகவோ வேறு வடிவிலோ ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளைக் கண்டித்தது.

இதற்கெல்லாம் ஒரே மருந்து நம்ம ஆசாரிதான் என்பவர்கள் உண்டு. பெரும்பாவூர் பிளைவுட்டைக் கடையில் நாமே முத்திரை பார்த்து வாங்கிப் போடலாம், கண்முன்னே அறுப்பார், குறை வந்தால் அடுத்த தெருவில் போய்க் கதவைத் தட்டலாம். இதில் உண்மை இருக்கிறது; பணம் மட்டும்தான் கணக்கு என்றால் நானும் ஆசாரி பக்கமே நிற்பேன். ஆனால் அவரும் ஒரே நேரத்தில் மூன்று வீட்டு வேலையை ஒப்புக்கொள்வார். நாள் சம்பளம் என்றால் வேலை இழுக்கும், கான்ட்ராக்ட் என்றால் கீல் மலிவாகும். பில் கேட்டால் சிரிப்பார். வாய்ப்பேச்சில் முடிந்த வேலை யாரிடம் முடிந்தாலும் வாய்ப்பேச்சுதான். நம்பிக்கை இல்லாததுபோல் எழுதிக் கேட்பது நம் ஊர் மரியாதைக்குச் சரியா என்பது இன்னொரு மறுப்பு. நிலம் வாங்கும்போது சொந்த மாமாவிடம்கூடப் பத்திரம் எழுதித்தான் வாங்குகிறோம், அவர் கோபித்துக்கொள்வதில்லை. வந்திருக்கும் பையனும் சம்பளக்காரன்தானே, டார்கெட் எட்டாவிட்டால் வேலை போய்விடுமே என்ற இரக்கமும் சரியானது. அந்தப் பையன் சொல்வதை நிறைவேற்றப் போவது அவன் இல்லை. அறுப்பது வேறு ஊரில் ஒரு ஃபேக்டரி, மாட்ட வருவது வேறு ஆட்கள். “டிராயர் சாஃப்ட் குளோஸ்தான், நான் சொல்லிட்டேன்” என்று அவன் தந்த வாக்கு அவர்கள் கையிலிருக்கும் தாளில் இல்லையென்றால் நிறைவேறாது. ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது அவனே வேறு கம்பெனியில் இருப்பான். எழுதி வாங்குவது அவனுக்கும் பாதுகாப்பு.

எழுத வேண்டியதும் அதிகமில்லை. பெட்டிக்கு என்ன பலகை, எத்தனை மில்லிமீட்டர், எந்த ஐ.எஸ். எண்; கதவுக்கு என்ன; முதுகுப் பலகை என்ன கனம்; கீலும் சேனலும் எந்த பிராண்ட்; வரியும் வண்டி வாடகையும் பொருத்தும் கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு; எந்தத் தேதியில் முடியும், தவறினால் என்ன குறைப்பு. இந்தத் தாளை முதல் நாளே கேளுங்கள், பணத்தை அன்றே கொடுக்காதீர்கள். கொட்டேஷனை வாங்கி வைத்துக்கொண்டு, “வீட்டுல கலந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை சொல்றோம்” என்று அனுப்பிவிடலாம். நம் ஊரில் யாருக்கும் புரிகிற, யாரையும் புண்படுத்தாத வாக்கியம் அது. பல நிறுவனங்கள் சாமான் வண்டியில் ஏறுவதற்கு முன்பே முழுத் தொகையையும் கேட்கின்றன. பத்து சதவீதமாவது மாட்டி முடித்துக் கதவு ஆடாமல் நிற்பதைப் பார்த்த பிறகு தருவதாக எழுதுங்கள். பாலிசியில் இடமில்லை என்றால், குறை வந்தால் அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அத்தனைக்கும் பிறகு தகராறு வந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி மதுரையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. மனுவோடு பில்லையும் ஒப்பந்த நகலையும் இணைக்க வேண்டும்.